உருவம் மாறும் கட்டடங்கள்: சுவர் நகரும் சரி... சுவிட்ச் யார் கையில்?

ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு போன்ல வீடியோ பார்க்குறீங்க. போன் லேசா சாய்ஞ்சதுமே ஸ்கிரீன் சட்டுனு திரும்பிக்குது. 'நான் கேட்கவே இல்லையே'ன்னு கடுப்பாகி, மேலே இருந்து இழுத்து ஆட்டோ ரொட்டேட்டை ஆஃப் பண்றீங்க. தினமும் நடக்கிற கதைதானே?

இதில் போன் மேல தப்பே இல்லை. சாய்ந்ததை சென்சார் சரியாகத்தான் கண்டுபிடித்தது. ஸ்கிரீனைத் திருப்பும் வேலையையும் ஒழுங்காகச் செய்தது. ஆனா, போனோட சேர்ந்து நீங்களும் சாய்ஞ்சிருக்கீங்க என்பது மட்டும் அதுக்குத் தெரியலை.

இப்போ அந்த போன் இடத்துல ஒரு கட்டடத்தை வெச்சு யோசிச்சுப் பாருங்க. வெயில் ஏறினால் சுவர் மூடிக்கொள்ளும். காற்று பலமா அடிச்சா கூரை மடங்கிக்கும். விருந்தாளி வந்தா ரூம் தெருப் பக்கம் திரும்பும். கற்பனை இல்லை. அபுதாபி, நியூயார்க், டெஹ்ரான் என்று பல ஊர்களில் இப்படிப்பட்ட கட்டடங்கள் நிஜமாகவே இருக்கின்றன.

வீடியோவில் பார்க்கும்போது 'எப்படிப்பா இவ்வளவு பெரிய கட்டடம் நகருது?'ன்னுதான் முதலில் தோணும். ஆனால் அது ஓரளவுக்கு விடை தெரிந்த கேள்வி. எப்போ நகரணும், எப்போ சும்மா இருக்கணும், பாதி வழியில் கரன்ட் போனா என்ன பண்ணணும்? இதையெல்லாம் முடிவு செய்வதுதான் நிஜமான வேலை.

கட்டடம் எதுக்கு நகரணும்?

ஒரு வீடு கட்டினால் 50 வருஷமாவது நிற்கும். ஆனா, காலை 8 மணி வெயில் வேற, மதியம் 2 மணி வெயில் வேற. மழைக்காலம் வேற, கோடை வேற. நாலு பேர் இருந்த வீட்டில் ஒருநாள் ரெண்டு பேர்தான் இருப்பாங்க. ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று 'வொர்க் ஃப்ரம் ஹோம்' ஆகிவிடுவார். இத்தனை மாற்றத்துக்கும் நடுவில், அசையாத கட்டடம் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு சமாதானம்தான் பண்ணிக்க முடியும். மிச்சத்தை ஏ.சி-யும் டியூப்லைட்டும் பார்த்துக்கொள்ளும். கரன்ட் பில்லை நாம பார்த்துக்கணும்!

யோசிச்சுப் பார்த்தா, ஜன்னல்கூட உருவம் மாறும் கட்டடத்தின் ஒரு சின்ன வடிவம்தான். கோடையில் தாத்தா வீட்டு வாசலில் வெட்டிவேர் தட்டியைக் கட்டி, தண்ணி தெளிச்சு, சாயங்காலம் சுருட்டி மேலே கட்டிவிடுவாங்களே... அதுவும் இதே குடும்பம். அங்கே சென்சார் தாத்தாவின் தோல். மோட்டார் அவரோட கை. இன்றைய கட்டடக் கலைஞர்கள் அந்தத் தாத்தா வேலையை மெஷினுக்குச் சொல்லித்தரப் பார்க்கிறார்கள்.

மூணே மூணு அசைவு

எவ்வளவு பிரமாண்டமான கட்டடமாக இருந்தாலும் அடிப்படை அசைவுகள் மூணுதான். நகர்தல், சுழல்தல், மடங்குதல்.

முதலில், நகர்தல். கடை ஷட்டர் மேலே போவதும் இதுதான், நியூயார்க்கில் 2019-ல் திறந்த 'தி ஷெட்' கலை அரங்கம் செய்வதும் இதுதான். நிலையான கட்டடத்தின் மேல் ஒரு பிரமாண்டமான கூடு போர்த்தியிருக்கும். பெரிய நிகழ்ச்சி இருந்தால், அந்தக் கூடு தண்டவாளத்தில் உருண்டு முன்னால் வந்து, பக்கத்துத் திறந்தவெளியை மூடி ஹாலாக மாற்றிவிடும். கூட்டின் எடை சுமார் 3,600 டன். சக்கரம் ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரத்துக்கு, 6 அடி விட்டம். முழுசா வெளியே வர சுமார் 5 நிமிஷம்தான். துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் ராட்சத கிரேன்கள் தண்டவாளத்தில் ஓடுகிற அதே தொழில்நுட்பம். புதுசா கண்டுபிடிச்சது இல்லை, புது இடத்தில் பயன்படுத்தியது.

அடுத்து, சுழல்தல். இதுக்கு வயசு ரொம்ப அதிகம். இத்தாலியின் வெரோனா அருகே 'வில்லா ஜிரசோலே' என்று ஒரு வீடு இருக்கிறது. இத்தாலிய மொழியில் ஜிரசோலே என்றால் சூரியகாந்தி. ஆஞ்சலோ இன்வெர்னிட்ஸி என்ற இன்ஜினீயர் கட்டியது, 1935-ல் முடிந்தது. சுமார் 1,500 டன் எடையுள்ள இரண்டு மாடி வீடு, வட்டமான தண்டவாளங்கள் மேல் சூரியனைப் பார்த்துத் திரும்பும்படி கட்டப்பட்டது. ஒரு முழுச் சுற்றுக்கு 9 மணி 20 நிமிடம். உள்ளே உட்கார்ந்திருந்தால் வீடு நகர்வதே தெரியாத அளவுக்கு மெதுவான வேகம். கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலேயே இது நடந்துவிட்டது.

மூணாவது, மடங்குதல். குடை, ஈஸி சேர், அப்பார்ட்மென்ட் வாசலில் இருக்கும் கொலாப்சிபிள் கேட் எல்லாம் இந்த வகை. கொலாப்சிபிள் கேட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. கத்தரிக்கோல் மாதிரி பட்டைகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும். ஒரு முனையை இழுத்தால் மொத்த கேட்டும் ஒரே சீராக விரியும். ஒவ்வொரு பட்டைக்கும் தனி மோட்டார் தேவையில்லை. நல்ல வடிவமைப்பின் முதல் பாடம் இதுதான். அசைவைக் கணக்கு பார்த்துக்கொண்டால், கம்ப்யூட்டருக்கு வேலை குறையும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரணக் கட்டடத்தில் எடை எங்கே இறங்குது, காற்று எங்கே தள்ளுது என்று ஒரு நிலைக்குக் கணக்குப் போட்டால் போதும். நகரும் கட்டடத்தில் திறந்த நிலை, மூடிய நிலை, பாதி வழி என எல்லா நிலைக்கும் போடணும். தண்ணீர் பைப், கரன்ட் ஒயர், மழைநீர் புகாத ரப்பர் எல்லாம் கூடவே நகர்ந்தாகணும். 2008-ல் துபாயில் ஒவ்வொரு மாடியும் தனித்தனியாகச் சுழலும் 80 மாடிக் கட்டடம் வரப்போவதாக டேவிட் ஃபிஷர் என்ற கட்டடக் கலைஞர் அறிவித்தார். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருக்கலாம். அந்தக் கட்டடம் இன்னும் கட்டப்படவே இல்லை.

கட்டடத்துக்கு மூளை எப்படி வேலை செய்யுது?

சென்சார் பார்க்கும், கன்ட்ரோலர் முடிவெடுக்கும், மோட்டார் நகர்த்தும், 'நகர்ந்தாச்சா?' என்று இன்னொரு சென்சார் சரிபார்க்கும். எல்லா ஆட்டோமேட்டிக் சிஸ்டத்துக்கும் இந்த நாலு படிதான். கஷ்டம் முழுக்க ரெண்டாவது படியில்.

அபுதாபியில் உங்க சொந்தக்காரங்க யாராவது இருந்தா, 'அல் பஹார் டவர்ஸ்' எங்கே இருக்குன்னு கேட்டுப் பாருங்க. 2012-ல் கட்டி முடிக்கப்பட்ட, சுமார் 145 மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கோபுரங்கள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே, தனிச் சட்டத்தில், ஒவ்வொரு கோபுரத்திலும் 1,000-க்கும் மேற்பட்ட 'குடைகள்' பொருத்தப்பட்டிருக்கின்றன. முக்கோண வடிவில் மடங்கி விரியும் இவை வெயில் படும் பக்கம் விரிந்து நிழல் தரும், வெயில் நகர்ந்ததும் மடங்கி வெளிச்சத்தை உள்ளே விடும். அரபு நாட்டு வீடுகளில் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் 'மஷ்ரபியா' என்ற மரச்சல்லடைதான் இதுக்கு முன்மாதிரி. உள்ளே வரும் வெயிலின் வெப்பம் பாதிக்கும் மேல் குறையும் என்ற கணக்கில் இதை வடிவமைத்தார்கள். வடக்குப் பக்கம் வெயில் தொல்லை குறைவு என்பதால் அங்கே குடைகளே கிடையாது.

இங்கேதான் ஒரு புத்திசாலித்தனம் இருக்கு. 1,000 குடைக்கும் 1,000 வெயில் சென்சார் வைத்து, ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குத் திறந்து மூட விடவில்லை. இன்றைக்குச் சூரியன் எத்தனை மணிக்கு எந்தக் கோணத்தில் இருக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். பஞ்சாங்கத்தில் அடுத்த வருஷச் சூரிய உதயத்தையே போட்டுவிடுகிறோமே! அதனால் குடைகள் முன்பே கணக்கிட்ட அட்டவணைப்படி, வெயிலோடு சேர்ந்து மெதுவாக நகர்கின்றன. கணக்கில் அடங்காத மேகமூட்டம், பலத்த காற்று ஆகியவற்றைக் கவனிக்கத்தான் சென்சார். அப்படி ஏதாவது வந்தால் மட்டும் அது குறுக்கே வந்து அட்டவணையை மாற்றும்.

கணக்குப் போட முடிந்ததைக் கணக்குக்கு விடு, முடியாததை மட்டும் சென்சாருக்கு விடு. கேட்க எளிமையாக இருந்தாலும் இதுதான் அந்தக் கட்டடத்தின் மூளை.

சரி, கணக்கே போட முடியாத காற்றை எப்படிச் சமாளிப்பது? அமெரிக்காவின் மில்வாக்கி கலை அருங்காட்சியகத்துக்குப் போவோம். அதில் ஸ்பெயின் கட்டடக் கலைஞர் சான்டியாகோ கலத்ராவா வடிவமைத்த பகுதி, 2001-ல் திறந்தது. கட்டடத்தின் உச்சியில் பறவை இறக்கை மாதிரி 72 இரும்பு விலா எலும்புகள். விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 66 மீட்டர். காலையில் விரியும், நண்பகலில் ஒருமுறை மடங்கி விரியும், அருங்காட்சியகம் மூடும்போது மடங்கிக்கொள்ளும்.

காற்று மணிக்கு சுமார் 37 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல், 3 விநாடிக்கும் அதிகமாக அடித்தால், இறக்கை தானாகவே மூடிவிடும். அதென்ன 3 விநாடி? அங்கேதான் விஷயம். ஒரே ஒரு குப்பென்ற காற்றுக்கெல்லாம் மூடினால், அடுத்த நிமிஷம் திறக்கும், மறுபடி மூடும். நாள் முழுக்கப் படபடத்து மெஷின் தேய்ந்துவிடும். அதனால், 'நிஜமாவே காற்றுதானா?' என்று ஒரு கணம் பொறுத்து உறுதி செய்துகொள்கிறது. உங்க வீட்டு ஃப்ரிட்ஜும் இப்படித்தான். கொஞ்சம் சூடானதும் உடனே கம்ப்ரஸர் ஓடாது. ஒரு எல்லை வரை பொறுத்து, அப்புறம் ஓடி, நல்லா குளிர்ந்த பிறகுதான் நிற்கும்.

பொறுமையும் ஒரு தொழில்நுட்பம். நம்ம போனின் ஆட்டோ ரொட்டேட்டுக்கு இது இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்!

நின்று போனவை சொல்லும் பாடம்

எல்லாக் கதையும் சுபமாக முடியவில்லை. பாரிஸில் 1987-ல் திறந்த 'அரபு உலக நிறுவனம்' இந்தத் துறையின் சூப்பர்ஸ்டார். ஜீன் நூவெல் வடிவமைப்பில், தெற்குச் சுவரில் 240 பலகைகள். ஒவ்வொன்றிலும் கேமரா லென்ஸ் கண் மாதிரி சுருங்கி விரியும் உலோக ஓட்டைகள். வெளிச்சம் கூடினால் சுருங்கணும், குறைந்தால் விரியணும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி பாகங்கள். தூசி, தேய்மானம், சிக்கிக்கொண்ட இதழ்கள் என்று பல வருஷங்கள் பெரும்பாலானவை அசையாமலே நின்றன. அப்புறம் பெரிய செலவில் பழுதுபார்க்க வேண்டி வந்தது.

கனடாவின் மான்ட்ரியல் ஒலிம்பிக் மைதானம் இதைவிட மோசம். 1976 ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டியது. சாய்ந்த கோபுரத்திலிருந்து கம்பிகளால் தூக்கி இறக்கும் துணிக்கூரை அதன் அடையாளமாக இருந்திருக்கணும். கூரை வந்து சேர்ந்ததே 1987-ல், ஒலிம்பிக் முடிந்து 11 வருஷம் கழித்து. காற்றில் பலமுறை கிழிந்தது. கடைசியில் 1998-ல் அதை எடுத்துவிட்டு, திறக்கவே திறக்காத கூரையை மாட்டினார்கள். 1999 ஜனவரியில் பனியின் பாரம் தாங்காமல் அதுவும் ஓரிடத்தில் கிழிந்து விழுந்தது.

இந்த ரெண்டும் யோசனை தப்பு என்பதால் தடுமாறவில்லை. திறப்பு விழா நாளுக்கு வடிவமைத்த அளவுக்கு, 20-வது வருஷத்துக்கு வடிவமைக்கவில்லை. எண்ணெய் போட ஆள் எங்கே நிற்பார்? ஒரு பாகம் போனால் அதை மட்டும் கழற்ற முடியுமா? பாதியில் நின்றால் எந்த நிலையில் நிற்பது பாதுகாப்பு? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். உங்க அப்பார்ட்மென்ட் லிஃப்ட்டில் ஏ.ஆர்.டி இருந்தால் கவனித்திருப்பீர்கள். கரன்ட் போனதும் பேட்டரியில் பக்கத்து மாடிக்குப் போய்க் கதவைத் திறந்துவிட்டுத்தான் அது ஓயும். நகரும் கட்டடத்துக்கும் அப்படி ஒரு 'நல்ல சாவு' எழுதிவைக்கணும்.

மோட்டாரே இல்லாமல்?

மோட்டார் இருந்தால்தானே கெட்டுப்போகும்? இப்படியும் சிலர் யோசித்தார்கள். பைன் மரக் காயைத் தண்ணீரில் போட்டால் அதன் செதில்கள் மூடிக்கொள்ளும், காய்ந்தால் விரியும். உயிரே இல்லாத காய்தான். ஈரத்தில் மரநார் ஒரு பக்கம் அதிகமாக உப்புவதால் வரும் வளைவு அது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் அகிம் மெங்கஸ் குழுவினர் இதையே வைத்து, 2013-ல் 'ஹைக்ரோஸ்கின்' என்ற சிறிய மண்டபத்தை உருவாக்கினார்கள். அதன் சுவரில் மெல்லிய மர இதழ்கள். காற்றில் ஈரம் ஏறினால் மூடும், வெயில் அடித்துக் காய்ந்தால் திறக்கும். ஒயர் இல்லை, சென்சார் இல்லை, கரன்ட் இல்லை. மரமே சென்சார், மரமே மோட்டார்.

ஆனா, ஒரு குறை உண்டு. 'இன்னிக்கு மழையா இருந்தாலும் பரவாயில்லை, திறந்தே இரு'ன்னு அதுக்கிட்ட சொல்ல முடியாது. அங்கே ஆஃப் பட்டனே கிடையாது.

சரி, வீட்டில்?

ஆபீஸும் மைதானமும் இருக்கட்டும். நாம வாழுற வீட்டுக்கு வருவோம்.

டெஹ்ரானில் 2013-ல் கட்டப்பட்ட 'ஷரிஃபி ஹா' வீடு, குறுகலான முகப்பு கொண்ட மனையில் நிற்கிறது. தெருப் பக்கம் மூன்று அறைகள் பெட்டி மாதிரி, பட்டனைத் தட்டினால் 90 டிகிரி திரும்பும். கோடையில் பெட்டிகள் தெருவைப் பார்த்து நீட்டிக்கொள்ள, உள்ளே பெரிய மொட்டை மாடித் திறப்புகள் கிடைக்கும். டெஹ்ரான் குளிரில் எல்லாம் உள்ளே திரும்பி, வீடு இழுத்துப் போர்த்திக்கொள்ளும். நாடக மேடையைச் சுழற்றும் மாதிரியான சுழல்தட்டுதான் அடியில் இருக்கிறது.

எனக்கு இதைவிடப் பிடிச்சது ஹாங்காங்கின் கேரி சாங் வீடு. வெறும் 32 சதுர மீட்டர், அதாவது சுமார் 344 சதுர அடி. சின்ன வயசில் அப்பா, அம்மா, மூன்று தங்கைகளோடு அவர் வளர்ந்த அதே ஃபிளாட். பின்னாளில் கட்டடக் கலைஞரான அவர், சுவர்களை மேலே தண்டவாளத்தில் தொங்கவிட்டார். டிவி இருக்கும் சுவரைத் தள்ளினால் பின்னால் கிச்சன். இன்னொரு சுவரைத் தள்ளினால் குளியல் தொட்டி, அதன் மேல் கட்டிலை இறக்கினால் படுக்கையறை. மொத்தம் 24 விதமான அமைப்புகள். இவ்வளவையும் நகர்த்துவது அவரோட கைதான். எப்போ கிச்சன் வேணும், எப்போ கட்டில் வேணும்னு எந்த சென்சாரும் ஊகிக்க வேண்டியதில்லை.

எங்க ஆபீஸில் ஒரு ரூமில் ஆள் அசைந்தால்தான் லைட் எரியும். கட்டுரை எழுதும்போது ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் 'இங்கே யாரும் இல்லை'ன்னு முடிவு பண்ணி அணைச்சுடும். உடனே ரெண்டு கையையும் தூக்கி ஆட்டணும். இந்தக் கட்டுரைக்கே மூணு தடவை ஆட்டியாச்சு! ஒரு லைட்டுக்கே இந்தக் கோபம் வருதுன்னா, சுவர் இப்படிப் பண்ணினா?

வாங்குறதுக்கு முன்னாடி நாலு கேள்வி

சுழலும் வீடு நமக்கு இப்போதைக்கு வராது. ஆனா, மோட்டார் வைத்த ஷட்டர், தானாக மூடும் திரைச்சீலை, சுவருக்குள் மடங்கும் கட்டில் எல்லாம் வந்தாச்சு. புது ஃபிளாட் பார்க்கும்போதோ, ஆன்லைனில் ஆர்டர் போடும்போதோ இந்த நாலையும் கேளுங்க.

1. கரன்ட் போனால் எந்த நிலையில் நிற்கும்? கதவோ ஷட்டரோ, உள்ளே இருப்பவர் வெளியே வர முடியணும். கையால் திறக்கும் செயினோ கைப்பிடியோ இல்லாததை வாங்காதீங்க.

2. குழந்தை விரல் வைத்தால் நிற்குமா? நகரும் எதுவும் தடை பட்டதும் நின்று பின்வாங்கணும். கடையிலேயே ஒரு அட்டைப்பெட்டியை வைத்துச் சோதிச்சுப் பாருங்க.

3. அஞ்சு வருஷம் கழிச்சு யார் ரிப்பேர் பண்ணுவாங்க? மோட்டாரை மட்டும் தனியாக மாற்ற முடியுமா, இல்லை மொத்தத்தையும் தூக்கிப்போடணுமா?

4. 'வேண்டாம்'னு சொல்ல ஒரு பட்டன் இருக்கா? ஆப்பில் ஏழு ஸ்டெப் தாண்டி இருந்தால் அது கணக்கில் சேராது. வீட்டில் இருக்கும் பாட்டி கைக்கும் எட்டணும்.

இன்னொரு ராத்திரி போன் தானா திரும்பும்போது கவனிங்க. அந்தச் சின்ன ரொட்டேட் லாக் ஐகானை யாரோ ஒரு டிசைனர் யோசித்து, விரல் எட்டும் இடத்தில் வைத்திருக்கிறார். மெஷின் சில நேரம் தப்பாகப் புரிஞ்சுக்கும்னு அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நாளைக்கு நம்ம வீட்டுச் சுவர்கள் நகர ஆரம்பிச்சா, அவற்றிலும் முதலில் தேட வேண்டியது அந்தப் பட்டனைத்தான்.